எட்டு ஆசனத்துக்குப் பத்துப் பேர்: ஜாவாஸ்கிரிப்ட்டில் எந்தப் பூட்டை எங்கே போடுவது?

இலங்கையின் திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளுக்கு இணையவழியில் ஆசனம் பதிவதற்கான சிறிய செயலியொன்றை, ஜாவாஸ்கிரிப்ட்டைச் சேர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதிக் கொடுத்திருந்தேன். படகுக்காரர் சிலர் சேர்ந்து கேட்ட வேலை அது. முதல் மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாள் காலையில், 8 ஆசனங்கள் மட்டுமே உள்ள ஒரு படகுக்கு, உறுதிசெய்யப்பட்ட பதிவோடு 10 பேர் வந்து நின்றார்கள். உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, எட்டுப் பேருக்குத்தான் அங்கி இருக்கு. பத்துப் பேர் வந்து நிக்கிறாங்க. நான் யாரை இறக்கிவிட?” உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் கடலில் ஏற்றக் கூடாது. பிந்திப் பதிந்த இருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, அவர்களுக்கு வேறொரு படகில் இடம் பிடித்துக் கொடுத்தோம். பிழை முழுவதும் என் நிரலில் இருந்தது.

அதைத் திருத்தும்போது, ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒத்திசைவுக்கு, அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கு, இருக்கிற வழிகள் ஒவ்வொன்றையும் எடுத்து இந்தச் செயலிக்குப் பொருந்துமா என்று வைத்துப் பார்த்தேன். அந்த ஒப்பீட்டையே இங்கே எழுதுகிறேன். எந்தப் பூட்டு (ஒருவர் தொடும்போது மற்றவரைக் காக்கவைக்கும் ஏற்பாடு) சிறந்தது என்ற கேள்வியிலிருந்து நான் தொடங்கவில்லை. பலரும் தொடுகிற அந்தப் பொருள் எங்கே வசிக்கிறது என்பதே முதற்கேள்வி. அது ஒரு மாறியில் இருக்கலாம், தரவுத்தளத்தின் ஒரு வரியில் இருக்கலாம், உலாவிக்குள் இருக்கலாம், இரண்டு இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் ஓட்டங்கள்) பகிர்கிற நினைவகத்தில் இருக்கலாம். பொருள் ஓரிடத்தில் இருக்கப் பூட்டை வேறோரிடத்தில் போட்டால், பூட்டு எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் பயனில்லை.

ஒற்றை இழை என்ற அரை உண்மை

“ஜாவாஸ்கிரிப்ட் ஒற்றை இழையில் ஓடுகிறது, ஆகவே ரேஸ் கண்டிஷன் வராது” என்று நானும் நம்பியிருந்தேன். இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தி ஒரே பொருளைத் தொடுவதால் வரும் பிழையே ரேஸ் கண்டிஷன். இதில் பாதி உண்மை. ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான நிரல் துண்டு) ஓடத் தொடங்கினால், அது முடியும்வரை அதே இழையில் வேறு ஜாவாஸ்கிரிப்ட் குறுக்கே புகாது. ஜாவாவிலோ சி மொழியிலோ எந்த இரு கட்டளைகளுக்கும் இடையில் இன்னோர் இழை நுழைந்துவிடலாம். இங்கே அந்த அச்சம் இல்லை. ஆனால் விடைக்காகக் காத்திருக்கச் சொல்லும் ‘அவெய்ட்’ என்று எழுதிய இடத்தில் ஃபங்ஷன் தன் முறையை விட்டுக்கொடுத்துவிடுகிறது. மீதிப் பகுதி பிறகு தொடர்வதற்காக ஒரு வரிசையில் வைக்கப்படுகிறது. அந்த இடைவெளியில், வேலைகளை முறைப்படி எடுத்து ஓட்டும் நிகழ்வுச் சுழற்சி அடுத்து நிற்பவரை எடுத்து ஓட்டும். விடை முன்பே தயாராக உள்ள ஒரு பிராமிஸை (பிறகு வரப்போகும் விடைக்கான பொருள்) அவெய்ட் செய்தாலும் இந்த இடைவெளி உண்டாகும்.

என் நிரலில் மூன்று படிகள் இருந்தன: மீதி ஆசனங்களைத் தரவுத்தளத்திலிருந்து வாசித்தல், கேட்ட எண்ணிக்கைக்கு அது போதுமா என்று பார்த்தல், கழித்து வந்த எண்ணைத் திரும்ப எழுதுதல். வாசிப்பும் எழுத்தும் அவெய்ட் கொண்டவை. அன்றைக்கு 5 ஆசனங்கள் ஏற்கெனவே போயிருந்தன, மீதி 3. முதற்குடும்பம் 3 ஆசனம் கேட்டது. அதன் வாசிப்பு தரவுத்தளத்துக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குள், 2 ஆசனம் கேட்டு இன்னொரு கோரிக்கை வந்து அதுவும் வாசிக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் கிடைத்த விடை 3. முதலாவது 3 இலிருந்து 3 ஐக் கழித்து 0 என்று எழுதியது. இரண்டாவது, தன் கையில் இருந்த பழைய 3 இலிருந்து 2 ஐக் கழித்து 1 என்று எழுதியது. 5, 3, 2 என மொத்தம் 10 பேர் உறுதியானார்கள். அதற்கு மேல், தரவுத்தளம் இன்னும் ஓர் ஆசனம் மீதி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஒருவர் வந்திருந்தால் அதையும் கொடுத்திருக்கும்.

இதே பிழை ஒரே வரிக்குள்ளும் ஒளிந்திருக்கும். ஒரு மொத்தத்தைக் கூட்டும்போது, கூட்டல்-சமன் குறியின் இடப்பக்கம் மாறியையும் வலப்பக்கம் அவெய்ட்டையும் எழுதுகிறோம் என்று வையுங்கள். மொழி முதலில் இடப்பக்க மாறியின் மதிப்பை வாசித்துக் கையில் வைத்துக்கொள்கிறது, பிறகு காத்திருக்கிறது, காத்திருந்து முடிந்ததும் பழைய மதிப்போடு கூட்டி எழுதுகிறது. காத்திருந்த நேரத்தில் வேறு யாராவது அந்த மாறியில் கூட்டியிருந்தால் அந்தக் கூட்டல் தொலைந்துபோகும். வலப்பக்கத்து விடையை முதலில் தனி மாறியில் எடுத்துக்கொண்டு, அடுத்த வரியில் கூட்டினால் போதும். இதற்குப் பூட்டே தேவையில்லை. நிரலில் பிழை தேடும் கருவியான ஈஎஸ்லின்ட்டில் இதைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு விதி இருக்கிறது. அது சில வேளை வீணாகவும் எச்சரிக்கும். ஆனாலும் நான் அதை அணைப்பதில்லை.

ஆகவே முதலாவது தெரிவு, பூட்டுப் போடாமலே பிழையை நீக்குவது. பார்ப்பதையும் மாற்றுவதையும் இடையில் அவெய்ட் இல்லாமல் ஒன்றாக ஒட்டி எழுதினால், அந்தத் துண்டு இயல்பாகவே பிரிக்க முடியாததாகிவிடும். பகிரப்படும் பொருள் ஒரே இழையின் நினைவகத்தில் இருக்கும்வரை இதைவிட எளிதான, விரைவான, பிழைக்கு இடமில்லாத வழி வேறொன்று இல்லை. வேறு எதையும் தேடுவதற்கு முன் இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பேன். என் ஆசன எண்ணிக்கைக்கு இது பொருந்தவில்லை. அது நினைவகத்தில் இல்லை, தரவுத்தளத்தில் இருந்தது.

ஒரே புரொசெஸ்ஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) வரிசை பிடித்தல்

அடுத்து மனத்தில் வருவது, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூட்டெக்ஸ். திருகோணமலைக்கு வரும் ரயில் பாதை கல்லோயாச் சந்தியில் பிரிந்து ஒற்றைத் தண்டவாளமாகவே நீள்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களில் ஒன்று நிலையத்தில் நின்று மற்றதற்கு வழிவிட வேண்டும். மியூட்டெக்ஸ் செய்வதும் அதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதைப் பிராமிஸ் சங்கிலியாகச் சில வரிகளில் எழுதிவிடலாம். கடைசியாக வந்த வேலையின் பிராமிஸை ஒரு மாறியில் வைத்திருந்து, புதிதாக வருவதை அதன் பின்னால் கோத்துவிட்டால், வேலைகள் வந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக நடக்கும். எழுத விரும்பாதவர்களுக்கு ஆயத்த நூலகங்களும் உள்ளன.

சில வரிகள் என்பதால் கவனம் குறையக் கூடாது. முன்னால் உள்ள வேலை தோல்வியில் முடிந்தாலும் சங்கிலி அறுந்துவிடாதபடி கோக்க வேண்டும். ஒரு வேலை திரும்பியே வராவிட்டால், நடுப்பாதையில் பழுதாகி நின்ற ரயிலுக்குப் பின்னால் எல்லா ரயில்களும் நிற்பது போல மற்றவை அனைத்தும் நிற்கும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் கால எல்லை வேண்டும். அந்த எல்லை தாண்டியதும் பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, தாமதமான வேலை பிறகு வந்து எழுதாதபடி அதை நிறுத்தவும் வேண்டும். பூட்டை வைத்திருக்கும் ஃபங்ஷனே உள்ளே அதே பூட்டை மறுபடி கேட்டால், தன்னைத் தானே காத்துக்கொண்டு என்றைக்கும் நிற்கும். எல்லாப் படகுகளுக்கும் ஒரே பூட்டு வைத்தால் உப்புவெளிப் படகுக்குப் பதிபவர் நிலாவெளிப் படகுக்காகக் காத்திருக்க நேரும். அதற்காகப் பயணத்துக்கு ஒரு பூட்டு வைத்தால், முடிந்துபோன பயணங்களின் பூட்டுகளை அகற்ற மறக்கக் கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு நான் ஏறக்குறைய இதையே தெரிவுசெய்திருந்தேன். கைவிட்டதற்குக் காரணம் ஒன்றே. இந்தப் பூட்டு ஒரு புரொசெஸ்ஸின் நினைவகத்துக்குள் மட்டும் செல்லும். நெரிசல் கூடும்போது ஒரே செயலியைப் பல பிரதிகளாக ஓட்டும் நோட்டின் கிளஸ்டர் வசதியால் 2 புரொசெஸ்களை ஓட்டினால், அல்லது புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சில நொடிகள் சேர்ந்து ஓடினால், ஒவ்வொன்றும் தன் சொந்தப் பூட்டைப் பூட்டிக்கொண்டு அதே ஆசனத்தை விற்கும். பிழை போனதாகத் தோன்றி, கூட்டம் நிறைந்த நாளில் மட்டும் திரும்பி வரும். ஒரு கோப்பில் பதிவேடு எழுதுவது, காலாவதியான டோக்கனை (நுழைவு அனுமதிச் சாவி) ஒருமுறை மட்டும் புதுப்பிப்பது போன்ற, உண்மையிலேயே ஒரு புரொசெஸ்ஸுக்குள் அடங்குகிற வேலைகளுக்கு இந்த மியூட்டெக்ஸ் மிகப் பொருத்தமானது. ஆசன விற்பனைக்கு அல்ல.

தரவுத்தளத்திடமே விடுவது

எண் தரவுத்தளத்தில் வசிக்கிறது என்றால், காவலும் அங்கேயே இருக்க வேண்டும். நான் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். மூன்று படிகளையும் ஒரே அப்டேட் கட்டளையாக்கினேன்: இந்தப் பயணத்தின் மீதியிலிருந்து இத்தனையைக் கழி; ஆனால் மீதி அத்தனையாவது இருந்தால் மட்டும் கழி. கட்டளை முடிந்ததும், மாற்றப்பட்ட வரிகள் எத்தனை என்று தரவுத்தளம் சொல்லும். 1 என்றால் ஆசனம் கிடைத்தது. 0 என்றால் இடமில்லை. இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தாலும், முதலாவது அந்த வரியைப் பிடித்துக்கொள்ளும்; இரண்டாவது காத்திருந்து, முதலாவது உறுதியானதும் நிபந்தனையைப் புதிய மதிப்போடு மறுபடி சரிபார்க்கும். ஒரே நேரத்தில் வரும் கட்டளைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்புநிலைத் தனிமைப்படுத்தலிலேயே இது நடக்கிறது. நிரலில் ஒரு பூட்டும் எழுதவில்லை. மீதி பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அட்டவணையில் சேர்த்துவிட்டேன். பின்னொரு நாள் வேறு யாராவது கவனமின்றி எழுதினாலும் அது தடுக்கும். குறிப்பிட்ட ஆசன இலக்கத்தைத் தெரிவுசெய்யும் படகுகளுக்கு, பயணமும் ஆசனமும் சேர்ந்த இணை ஒருமுறைதான் வரலாம் என்ற தனித்துவக் கட்டுப்பாடு அதே வேலையைச் செய்கிறது.

இதற்கு மாற்றாக, வரியை முதலில் பூட்டி வாசிக்கும் ‘செலக்ட் ஃபோர் அப்டேட்’ முறை உண்டு. சோதிக்க வேண்டிய விதிகள் ஒரு நிபந்தனைக்குள் அடங்காதபோது அது தேவைப்படும்; சிறுவர் எண்ணிக்கை, குழுக் கழிவு, வழிகாட்டி ஒருவர் கட்டாயம் என்றெல்லாம் பார்க்க வேண்டியிருந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. வரியைப் பூட்டிவிட்டு, பரிவர்த்தனை (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் தரவுத்தளக் கட்டளைத் தொகுதி) திறந்திருக்கும்போதே, பணம் செலுத்தும் சேவைக்கு அழைப்பு விடுத்து அவெய்ட் செய்வது எழுதுவதற்கு மிக இயல்பாக வரும். அந்த அழைப்பு 20 நொடி இழுத்தால், வரி 20 நொடி பூட்டியிருக்கும். தரவுத்தள இணைப்பு ஒன்றும் அவ்வளவு நேரம் கைக்குள் முடங்கும். நோட்டில் பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் நூலகத்தின் இணைப்புக் குளத்தில் (திறந்துவைத்துப் பகிரும் இணைப்புகளின் தொகுப்பு) இயல்புநிலை உச்ச எண்ணிக்கை 10. பத்துப் பேர் வங்கி அட்டையைத் தேடிக்கொண்டிருக்க, பதினோராவது நபருக்கு முகப்புப் பக்கமே திறக்காது.

ஆகவே நான் பணத்தைப் பரிவர்த்தனைக்கு வெளியே எடுத்துவிட்டேன். முதலில் ஆசனம் 10 நிமிடத்துக்கு ஒதுக்கப்படுகிறது. அது ஒரு குறுகிய கட்டளை. பிறகு பணம் செலுத்தப்படுகிறது. அப்போது எந்தப் பூட்டும் இல்லை. வெற்றி என்றால் ஒதுக்கீடு உறுதியாகிறது. நேரம் கடந்தால் ஆசனம் திரும்ப விற்பனைக்கு வருகிறது. பணம் பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு வந்து சேரும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. அதற்கும், உறுதிசெய்யும் கட்டளையிலேயே “இன்னும் ஒதுக்கீட்டில் இருந்தால் மட்டும்” என்ற நிபந்தனையைச் சேர்த்து, இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பும் வழியையும் எழுத வேண்டியிருந்தது. இந்த முழு வேலையிலும் அதிக நேரம் எடுத்தது இந்தப் பகுதிதான். எந்தப் பூட்டும் அந்தச் சிந்தனையை எனக்காகச் செய்து தந்திருக்காது.

போகவும் திரும்பவும் என இரண்டு பயணங்களைச் சேர்த்துப் பதிபவர்களுக்கு இரண்டு வரிகளைத் தொட நேர்கிறது. ஒருவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்க, இன்னொருவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருந்தால் இருவரும் நகர முடியாது. போஸ்ட்கிரெஸ் இயல்புநிலையில் ஒரு நொடி காத்திருந்த பிறகு டெட்லொக் எனப்படும் இந்த முட்டுக்கட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, ஒருவரின் பரிவர்த்தனையை ரத்துச் செய்யும். எல்லோரும் பயண இலக்கத்தின் ஏறுவரிசையிலேயே பிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் அது நேராது.

நினைவகத்திலேயே தரவை வைக்கும் ரெடிஸ் என்ற சேர்வரைக் கொண்டு, பல புரொசெஸ்களுக்கும் பொதுவான பூட்டு ஒன்றை அமைக்கும் வழியையும் நண்பர்கள் பரிந்துரைத்தார்கள். அந்தப் பூட்டுக்கு ஆயுட்காலம் வைக்கப்படும். வைத்திருப்பவரின் நிகழ்வுச் சுழற்சி ஏதோவொரு கனமான வேலையில் சிக்கி ஆயுட்காலத்தைத் தாண்டினால், அவருக்குத் தெரியாமலே பூட்டு வேறொருவர் கைக்குப் போய், இருவரும் தாமே உரிமையாளர் என்று எண்ணி எழுதுவார்கள். அதைத் தடுக்க, ஒவ்வொரு முறை பூட்டுக் கொடுக்கும்போதும் கூடுகிற ஏறுமுக இலக்கமொன்றைத் தரவுத்தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். எப்படியும் தரவுத்தளத்துக்கே வந்து நிற்பதென்றால், இந்த அளவுள்ள செயலிக்கு இன்னொரு சேர்வரைச் சேர்த்துப் பராமரிக்க நான் விரும்பவில்லை.

கரையில் ஒரு மடிக்கணினி, இரண்டு தாவல்கள்

கடற்கரையில் உள்ள சிறிய கொட்டிலில், நேரில் வருபவர்களுக்குப் பதிவுசெய்ய ஒரு மடிக்கணினி இருக்கிறது. அங்கே சமிக்ஞை வந்து வந்து போகும். அதனால் இணைப்பு இல்லாதபோது பதிவுக் கோரிக்கைகளை உலாவியின் உள்தரவுத்தளமான இன்டெக்ஸ்ட்டிபியில் சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்படி செய்திருந்தேன். பணியில் இருந்த தங்கை ஒருத்தி வசதிக்காக ஒரே பக்கத்தை இரண்டு தாவல்களில் திறந்து வைத்திருந்தாள். இணைப்பு வந்ததும் இரண்டு தாவல்களும் அதே வரிசையை எடுத்து அனுப்பின.

இங்கே பகிரப்படும் பொருள் உலாவிக்குள் வசிக்கிறது. ஆகவே உலாவியின் சொந்தப் பூட்டான வெப் லொக்ஸ் பொருந்தும். பூட்டுக்கு ஒரு பெயர் சொல்லி, அது கிடைக்கும்போது ஓட வேண்டிய ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும். அந்த ஃபங்ஷனின் பிராமிஸ் முடியும்வரை, ஒரே தளத்தின் வேறெந்தத் தாவலுக்கோ வேர்க்கருக்கோ (பின்னணியில் ஓடும் தனி இழை) அந்தப் பூட்டு கிடைக்காது. தாவலை மூடினாலும் அது உடைந்து விழுந்தாலும் உலாவியே பூட்டை விடுவித்துவிடும். நாமாக உலாவியின் சிறு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் குறியொன்றை எழுதி வைத்துச் செய்யும் பூட்டுகளுக்கு இந்தக் குணம் இல்லை; மூடிய தாவல் குறியை அழிக்காமலே போய்விடும். வாசிப்பவர்கள் பலர் சேர்ந்து வைத்திருக்கவும் எழுதுபவர் தனித்து வைத்திருக்கவும் இரு வகைகள் உண்டு. பூட்டு இப்போது கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் திரும்பும் தெரிவும் உண்டு. நான் அதையே பயன்படுத்தினேன், ஏனெனில் ஒரு தாவல் அனுப்பிக்கொண்டிருந்தால் மற்றது சும்மா இருந்தால் போதும். குரோமில் 2018 இல் வந்த இது, 2022 இல் ஃபயர்பொக்ஸுக்கும் சஃபாரிக்கும் வந்து சேர்ந்தது. பாதுகாப்பான இணைப்பில் உள்ள தளங்களுக்கு மட்டும் வேலை செய்யும்.

“இன்டெக்ஸ்ட்டிபியின் பரிவர்த்தனையே போதாதா?” என்று கேட்கலாம். அதற்குள் வலை அழைப்பொன்றை அவெய்ட் செய்ய முடியாது. செய்வதற்கு வேலை இல்லை என்று கண்டவுடன் அந்தப் பரிவர்த்தனை தானாகவே முடிந்துவிடும். வலையிலிருந்து விடை வந்து திரும்பும்போது அது உயிரோடு இருக்காது.

ஆனால் வெப் லொக்ஸ் அந்த ஒரு மடிக்கணினியின் ஓர் உலாவிக்கு வெளியே எதையும் கட்டுப்படுத்தாது. அதோடு, கோரிக்கை சேர்வரை அடைந்து பதிவாகி, விடை வரும் வழியில் சமிக்ஞை போய்விட்டால், பூட்டு சரியாக வேலை செய்தும் அதே பதிவு மறுபடி அனுப்பப்படும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் உலாவியிலேயே ஒரு தனித்த அடையாள இலக்கம் உருவாக்கி, சேர்வரில் அதன்மீது தனித்துவக் கட்டுப்பாடு வைத்தேன். இரண்டாவது முறை வரும் அதே இலக்கத்துக்கு முதல் விடையே திரும்பக் கொடுக்கப்படும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், பூட்டை விட்டு இலக்கத்தை வைத்துக்கொள்வேன்.

உண்மையான இழைகள்

இதுவரை சொன்னவை எல்லாம் காத்திருப்பது பற்றியவை. கணக்கிடுவது வேறு. பவளப்பாறைப் பகுதியில் எடுத்த படங்களைப் பயணிகளுக்குச் சிறிதாக்கி அனுப்பும் வசதியைச் சேர்த்தபோது, ஃபங்ஷனுக்கு முன் அசின்க் (அவெய்ட்டை அனுமதிக்கும் சொல்) என்று எழுதியதால் மட்டும் கணக்கீடு பின்னணிக்குப் போய்விடாது என்பது தெளிவாயிற்று. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஜாவாஸ்கிரிப்ட்டில் தொட்டுக் கணக்கிடும் சுற்று ஓடும்வரை, ஆசனப் பதிவுகள் அனைத்தும் வாசலில் நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, நூலகம் ஏற்கெனவே வேறு இழையில் ஓடுகிறதா என்பது. நோட்டின் அடியில் உள்ள லிப்யூவி என்ற நூலகம் இயல்புநிலையில் 4 இழைகள் கொண்ட குளத்தை வைத்திருக்கிறது. கோப்பு வாசிப்பு, கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி மாற்றும் குழைப்பு, தரவை அமுக்கிச் சிறிதாக்குதல், தளப் பெயரிலிருந்து முகவரி தேடுதல் ஆகியவற்றில் பெரும்பகுதி அங்கே நடக்கின்றன. ஷார்ப் போன்ற பட நூலகங்களும் அதையே பயன்படுத்துகின்றன. அப்படியொரு நூலகம் கிடைத்தால் நாம் வேர்க்கர் எழுத வேண்டியதில்லை. ஆனால் நான்கு இழைகளையும் படங்கள் பிடித்துக்கொண்டால், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத முகவரி தேடலும் வரிசையில் நிற்கும் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். குளத்தின் அளவைச் சூழல் மாறி ஒன்றால் கூட்டலாம்.

கணக்கு நம்முடையதே என்றால் வேர்க்கர் தேவை. நோட்டில் 2018 இல் பரிசோதனையாக வந்து, 12 ஆம் பதிப்பில் நிலைபெற்றது. ஒவ்வொரு வேர்க்கருக்கும் தனி நினைவகமும் தனி நிகழ்வுச் சுழற்சியும் உண்டு. செய்தி அனுப்பியே பேசிக்கொள்ளும். பகிர்வது எதுவும் இல்லாததால் பூட்டவும் எதுவும் இல்லை. இதற்கான விலை பிரதியெடுப்பு. 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் 4 கோடியே 80 இலட்சம் பைட். அதைச் செய்தியாக அனுப்பினால் முழுவதும் பிரதியெடுக்கப்படும். பிரதிக்குப் பதிலாக உரிமையையே கைமாற்றும் வழி இருக்கிறது. மாற்றிய பின் அனுப்பியவரின் பஃபரின் (தரவு இருந்த நினைவகத் துண்டு) நீளம் 0 ஆகிவிடும். அவர் அதைத் தொடவே முடியாது. இருவர் ஒரே நேரத்தில் ஒரு பொருளைத் தொடுவதை மொழியே இயலாததாக்கிவிடுகிறது என்பதால், பெரிய தரவுக்கு நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். வேர்க்கரை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகத் தொடங்காமல் சிலவற்றை உயிரோடு வைத்திருப்பது நல்லது.

கடைசித் தெரிவு, நினைவகத்தையே பகிர்வது. பகிரும் நினைவகமான ஷெயார்ட் அரே பஃபரும், அதில் பிரிக்க முடியாத செயல்களைத் தரும் அட்டோமிக்ஸும், அவெய்ட் வந்த அதே 2017 பதிப்பில்தான் மொழிக்குள் வந்தன. மற்ற மொழிகளில் உள்ளவர்கள் அறிந்த இழைப் பிழைகள் அனைத்தும் இந்த வாசல் வழியாக ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளும் வரும். 4 வேர்க்கர்கள் பகிரப்பட்ட அணியின் ஒரே இடத்தைச் சாதாரண முறையில் ஒன்றால் கூட்டினால், வாசித்தலுக்கும் எழுதலுக்கும் இடையில் மற்றவர் எழுதியது அழிந்துபோகும். இங்கே அவெய்ட் கூடத் தேவையில்லை. அட்டோமிக்ஸின் கூட்டல் அதைப் பிரிக்க முடியாத ஒரே செயலாக்குகிறது. எத்தனை படம் முடிந்தது என்ற எண்ணிக்கைக்கு அது போதும்.

முழுமையான பூட்டு வேண்டுமென்றால், ஓரிடத்தில் 0 இருந்தால் 1 ஆக்கும் ஒப்பிட்டு-மாற்றும் செயலும், கிடைக்காதவர் உறங்குவதற்கான வெயிட்டும், விடுபவர் எழுப்புவதற்கான நோட்டிஃபையும் சேர வேண்டும். உறங்கி எழுந்தவர், பூட்டு தனக்குத்தான் என்று எண்ணிவிடக் கூடாது. எழுவதற்குள் வேறொருவர் பிடித்திருக்கலாம். சுற்றுக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும். பூட்டை வைத்திருந்த வேர்க்கர் பாதியில் இறந்தால், வெப் லொக்ஸைப் போல விடுவித்துத் தருவார் யாரும் இல்லை. உலாவியின் முதன்மை இழையில் வெயிட்டை அழைத்தால் பிழை எறியப்படும், ஏனெனில் பக்கம் உறைந்துவிடக் கூடாது. அதற்கு மாற்றான காத்திராத வடிவம் 2024 பதிப்பில்தான் தரநிலையானது. மேலும் அங்கே வைக்கக்கூடியவை எண்களும் பைட்டுகளும் மட்டும். பயணியின் பெயர் கொண்ட ஓர் ஒப்ஜெக்ட்டை அப்படியே பகிர முடியாது.

உலாவியில் இன்னுமொரு தடை உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலகப் பாதுகாப்புக் குறைபாடு வெளியானதும், பகிரப்பட்ட நினைவகத்தைக் கொண்டு மிக நுண்ணிய கடிகாரம் அமைத்துத் தரவைத் திருட முடியும் என்பதால் உலாவிகள் இவ்வசதியை அணைத்தன. இப்போது அதைத் திரும்பப் பெற, பக்கத்தைப் பிற தளங்களிலிருந்து தனிமைப்படுத்தும் இரண்டு தலைப்புகளை (பக்கத்தோடு சேர்ந்து போகும் ஹெடர் குறிப்புகள்) சேர்வர் அனுப்ப வேண்டும். அவற்றை அனுப்பியவுடன், அனுமதி சொல்லாத பிற தளத்துப் படங்களும் உட்சட்டங்களும் (பக்கத்துக்குள் காட்டப்படும் வேறு பக்கங்கள்) ஏறாமல் போகலாம். பணம் செலுத்தும் உட்சட்டமும் வரைபடமும் உள்ள என் பதிவுப் பக்கத்துக்கு அது பெரிய விலை. நோட்டில் இத்தடை இல்லை. நெடிய கணக்கீடு, ஒலி, பெரிய அணிகளைப் பல இழைகள் சேர்ந்து தொடும் வேலை ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது என்பதில் ஐயமில்லை; படகு ஆசனத்துக்கு இதை எடுத்திருந்தால் தேவையில்லாத இடரைத் தலையில் ஏற்றிக்கொண்டிருப்பேன்.

ஒத்திசைவோடு சேர்த்துப் பேச வேண்டிய சிறிய விடயம் ஒன்று, எத்தனையை ஒரே நேரத்தில் ஓடவிடுவது என்பது. வாடை வீசிக் கடல் கொந்தளிக்கும்போது அன்றைய பயணிகள் எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. பல பிராமிஸ்களுக்குச் சேர்த்துக் காத்திருக்கும் பிராமிஸ்.ஆல் கொண்டு அத்தனையையும் ஒன்றாக ஏவினால், அனுப்பும் சேவை பாதியை மறுத்துவிடும். ஒன்று தோற்றவுடன் பிராமிஸ்.ஆல் தோல்வி என்று திரும்பும், ஆனால் மற்றவை நிற்காமல் பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும். ஐந்து ஐந்தாக விடும் வரம்பும், ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனியே சொல்லும் ஆல்செட்டில்டும் சேர்ந்தால் யாருக்குப் போகவில்லை என்பது தெரியும். அவர்களை நேரில் அழைத்துச் சொல்லலாம்.

திருத்தியதைச் சோதிக்கும்போது, பிழை தானாக வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பழைய நிரலின் வாசிப்புக்கும் எழுத்துக்கும் இடையில் வேண்டுமென்றே 200 மில்லிநொடித் தாமதத்தை வைத்து, 8 ஆசனங்கள் உள்ள பயணமொன்றுக்குத் தலா ஓர் ஆசனம் கேட்டு 50 கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பினேன். ஐம்பதும் உறுதியாயின, மீதி 7 என்று காட்டியது. புதிய நிரலை 2 புரொசெஸ்களில் ஓடவிட்டு, கட்டளைக்கு முன்னும் பின்னும் அதே தாமதத்தை வைத்து, அதே ஐம்பதை அனுப்பினேன். 8 பேருக்கு ஆசனம் கிடைத்தது, 42 பேருக்கு இடமில்லை என்ற விடை போனது, மீதி 0. இந்தச் சோதனை இப்போது ஒவ்வொரு முறை நிரலை ஏற்றுவதற்கு முன்பும் ஓடுகிறது.